நிலத்தை ஒட்டிய காற்றும் அதன் வெப்பமும்

'மேலே செல்லச் செல்லக் குளிரும்' என்பது நாம் ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லிவரும் பாடம். சமவெளியில் ஆண்டுச் சராசரி வெப்பம் ஏறத்தாழ 27 பாகை செல்சியஸ் என்றால், 1,440 மீட்டர் அளவு உயரத்திலுள்ள கேமரன் மலையின் தானா ராத்தாவில் அது ஏறத்தாழ 18 பாகை. 1,000 மீட்டர் உயர்ந்தால் சராசரியாக 6.5 பாகை குறையும் என்னும் கணக்கிற்கு இது பொருந்தி வருகிறது.

இப்பாடத்தை நான் நடத்திய ஒருநாள் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, எங்கள் வீடு பள்ளத்தில் இருக்கிறது, பாட்டி வீடு மேட்டில். விடியற்காலையில் எங்கள் வீட்டில்தான் குளிர் அதிகம். அப்படியென்றால் பாடம் தவறா?" என்று கேட்டான். "அது உன் எண்ணம் தம்பி, உட்கார்" என்று சொல்லிவிட்டேன். அன்றிரவு அச்சொல் என்னை உறுத்தியது. நானும் இரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவனே. பள்ளத்து நிரையில் பால்வெட்டு என்றால், என் அன்னையார் கம்பளிச் சட்டையை மறவாமல் எடுத்துச் செல்வார். அதை அறிந்திருந்தும் நான் சிறுவனின் வாயை அடைத்துவிட்டேன்.

உண்மையில் பாடமும் தவறன்று. மாணவன் கண்டதும் தவறன்று. இரண்டும் எங்ஙனம் பொருந்தும் என்பதைக் காண்போம்.

ஞாயிற்றின் ஒளியில் சிறு பகுதியையே காற்று ஏற்கிறது. பெரும்பகுதியை ஏற்றுச் சூடேறுவது நிலம். அந்நிலமே தன்னைத் தொட்டு நிற்கும் காற்றைச் சூடாக்குகிறது. அடுப்பிலுள்ள பானை நீர் அடியிலிருந்து சூடேறுவது போன்றது இது. நண்பகலில் தார்ச் சடக்கின் மேற்பரப்பு 50 பாகையைத் தாண்டுவதுண்டு. அவ்வேளையில் நம் தலைமட்டத்துக் காற்று 33 பாகையளவில் இருக்கும். இவ்வேறுபாட்டின் பெரும்பகுதி தரையை ஒட்டிய சில விரற்கடை உயரத்திற்குள்ளேயே அமைந்துவிடுகிறது. கானல்நீர் தோன்றுவதும் இதனாலேயே.

இரவில் நிலை மாறுகிறது. நிலம் தன் வெப்பத்தைக் கதிர்களாக வானை நோக்கி வீசிக் காற்றைவிட விரைவாகக் குளிர்கிறது. தன்னைத் தொட்ட காற்றையும் குளிர்விக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. அது மேலெழாமல் தரையிலேயே படியும். சரிவுகளில் நீர்போல் மெல்ல வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஆகவே கீழே குளிரும், அதற்குச் சற்று மேலே இளஞ்சூடும் நிலவும். இதனை வெப்பநிலைத் தலைகீழ் மாற்றம் என்பர். மேகமற்ற, காற்றசையாத இரவுகளில் இது வலுவாக நிகழும். மேகம் இருந்தால் நிலத்திற்கு வெப்பம் ஓரளவு திரும்பி வரும். காற்று வீசினால் மேல்காற்றும் கீழ்காற்றும் கலந்துவிடும். ஞாயிறு எழுந்து நிலம் சூடேறியதும் இந்நிலை கலையும்.

இலண்டன் மருத்துவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ், பனித்துளியைப் பற்றி 1814இல் வெளியிட்ட நூலில் இதனைப் பதிவு செய்துள்ளார். தெளிந்த இரவில் புல்மீது வைத்த வெப்பமானி, நான்கடி உயரத்தில் இருந்ததைவிடப் பல பாகை குறைவாகக் காட்டியது. வானிலை நிலையங்களில் வெப்பமானியைத் தரையில் வைக்காமல், காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டியில் 1.25 முதல் 2 மீட்டர் உயரத்தில் வைப்பதன் காரணம் இப்போது விளங்கும். நாளிதழில் நாம் படிக்கும் வெப்பநிலை அவ்வுயரத்துக் காற்றினுடையதே.

இதனை அறிவதால் பயனும் உண்டு. மேலே இளஞ்சூட்டுக் காற்று மூடிபோல் நிற்பதால், விடியலில் எழும் புகை மேலே போகாமல் தரையோடு பரவும். 1952 திசம்பர் 5 முதல் 9 வரை இலண்டன் மாநகரில் நிலக்கரிப் புகை இவ்வாறே சிறைப்பட்டது. ஏறத்தாழ 4,000 பேர் மாண்டனர் என்று அக்காலத்தில் கணக்கிட்டனர். பிற்கால ஆய்வுகள் அதனினும் மிகுதியாகக் கூறுகின்றன. காலையில் குப்பைக்குத் தீ வைப்போர், அப்புகை பள்ளிக்கு நடந்துவரும் பிள்ளைகளின் மூச்சு மட்டத்திலேயே நிற்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மறுவாரம் அம்மாணவனை அழைத்துத் திடலில் ஒரு மூங்கிலை நட்டோம். முழங்கால் உயரத்தில் ஒரு வெப்பமானியும், இரண்டு மீட்டர் உயரத்தில் மற்றொன்றும் கட்டி, வெயில் நேரே படாதபடி அட்டை மறைப்பு வைத்தோம். ஞாயிறு எழுமுன் கீழிருந்தது ஒரு பாகைக்கு மேல் குறைவாகக் காட்டியது. நண்பகலில் அதுவே கூடுதலாகக் காட்டியது. வகுப்பின் முன்னிலையில், "நீ சொன்னது சரி தம்பி, நான்தான் அவசரப்பட்டுவிட்டேன்" என்றேன். சிறுவன் தலைகுனிந்து சிரித்தான்.

ஆசிரிய நண்பர்களே! இரண்டு வெப்பமானியும் ஒரு மூங்கிலும் எந்தத் தோட்டப் பள்ளிக்கும் எட்டாத பொருள்கள் அல்ல. பாடநூலோடு முரண்படும் கேள்வி ஒன்று வகுப்பில் எழுந்தால், அம்மாணவனை உட்காரச் சொல்லுமுன் அவனோடு திடலுக்குச் சென்று பாருங்கள்.