சாமான் அறையில் ஒரு விருந்தாளி

ஹிட்லர் காலத்தில் யூதர்களை வீட்டில் ஒளித்துவைத்துக் காப்பாற்றிய குடும்பங்களைப் பற்றிய படங்களைத் தேடித் தேடிப் பார்த்தேன். பூட்ஸ் சத்தம், வீர வசனம், கடைசி ரீலில் கண்ணீர் - இதைத்தான் எதிர்பார்த்து உட்கார்ந்தேன். ஏமாந்தேன். நல்லவேளை!

முதலில் 'டிவைடட் வி ஃபால்' (2000). செக் மொழிப் படம். இயக்கம் யான் ஹ்ரெபெய்க். பிள்ளையில்லாத தம்பதி யோசெஃப் - மரியே. முகாமிலிருந்து தப்பி வந்த டேவிட்டைச் சாமான் அறையில் ஒளித்துவைக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து, ஒரு ஜெர்மன் அதிகாரியை அதே வீட்டில் குடிவைக்க ஏற்பாடு நடக்கிறது. தடுக்க வேண்டுமே! "நான் முழுகாம இருக்கேன், இடம் பத்தாது" என்று ஒரு பொய்யை எடுத்துவிடுகிறாள் மரியே. சரி, வயிறு பெரிதாக வேண்டாமா? யோசெஃபுக்கு அந்தப் பாக்கியம் இல்லையென்று டாக்டர் ஏற்கெனவே கையை விரித்தாயிற்று. வீட்டில் இருக்கும் இன்னொரு ஆண்பிள்ளை... ஆமாம், அதேதான்! சிரிக்கிறோம். மாட்டினால் மூவருக்கும் மரணம் என்று உறைக்கும்போது சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது.

அடுத்தது 'இன் டார்க்னெஸ்' (2011). போலந்துப் படம், நிஜக் கதை. இயக்குநர் அக்னீஷ்கா ஹாலண்ட். அன்றைய போலந்தின் லுவோவ் நகரில் (இன்று உக்ரைன்) சாக்கடைத் தொழிலாளி லியோபோல்ட் சோஹா. சில்லறைத் திருட்டும் உண்டு. 1943-ல் பாதாளச் சாக்கடைக்குள் பதுங்கிய யூதர்களைப் பார்த்துவிடுகிறார். காட்டிக் கொடுக்கவில்லை, கூலி கேட்கிறார்! தினப்படி வசூல். ஒருநாள் அவர்களிடம் பணம் தீர்ந்துபோகிறது. மனுஷர் போகவில்லை. தன் காசையே ரகசியமாகக் கொடுத்து, "எல்லார் எதிர்லயும் எனக்குத் திருப்பிக் கொடு" என்கிறார். இலவசமாக உதவுகிற இளிச்சவாயன் என்று பெயர் வந்துவிடக் கூடாதாம்! திருட்டுத்தனமாகத் திருடியவர், திருட்டுத்தனமாக நல்லவராகிறார். பதினாலு மாதம் கழித்துப் பத்துப் பேர் உயிரோடு மேலே வந்தார்கள்.

அன்றைய போலந்தில் யூதர்களுக்கு இடம் கொடுத்தால் குடும்பத்தோடு மரண தண்டனை. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதனால்தான் இந்தப் படங்களில் துப்பாக்கியைவிட இருமல் பயங்கரமாக இருக்கிறது. கூடுதலாக வாங்கும் ஒரு ரொட்டிகூடக் காட்டிக் கொடுத்துவிடும்.

இப்படிக் காப்பாற்றியவர்களில் 28,000 பேருக்கு மேல் இஸ்ரேலின் யாத் வாஷெம் நினைவகம் கௌரவித்திருக்கிறது. கொல்லப்பட்ட யூதர்களோ சுமார் அறுபது லட்சம். கதவைத் திறந்தவர்கள் எத்தனை சொற்பம்!

படம் முடிந்ததும் கொஞ்சம் மிதப்பாகவே சொன்னேன்: "நாமா இருந்தாலும் இடம் கொடுத்திருப்போம், இல்லே?"

மனைவி டம்ளரை எடுத்துக்கொண்டே, "உங்க சித்தப்பா பத்து நாள் தங்கினதுக்கே, எப்ப ஊருக்குக் கிளம்பறார்னு தினம் என்னைக் கேட்டீங்க" என்றாள்.

பதில் சொல்லத் தெரியவில்லை. சோஹாவும் முதல் நாளே நல்லவராக இருக்கவில்லை என்று நினைத்து மனசைத் தேற்றிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் முதல் வேலையாகச் சித்தப்பாவுக்குப் போன் போட்டேன்.