பாலக்கரைக்கு வரும் அழைப்பும் கடலடிக் கம்பியும்

இஷா முடிந்த நேரத்தில் திருச்சி பாலக்கரையில் நடந்தால், ஏதாவது ஒரு வீட்டிலிருந்து "அத்தா, கேக்குதா?" என்ற குரல் நிச்சயம் வரும். துபாயிலும் ஷார்ஜாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் அத்தாக்கள் செல்பேசித் திரை வழியாகத்தான் இரவுச் சாப்பாட்டுக்கு வருகிறார்கள். காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்திலும் இதே கதைதான். அங்கே அழைப்பு வருவது பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து.

இதெல்லாம் செயற்கைக்கோள் வழியாக நடக்கிறது என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் கண்டம் விட்டுக் கண்டம் போகும் இணையத் தகவலில் 95 விழுக்காட்டுக்கும் மேல் கடலடிக் கம்பிகளில்தான் போகிறது. தலைமுடி அளவு கண்ணாடி இழைகளில் ஒளியாக ஓடும் தகவல் அது. ஆழ்கடலில் அந்தக் கம்பியின் பருமன் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் குழாய் அளவுகூட இருக்காது. திருச்சியிலிருந்து தரைவழி இழையில் சென்னைக்கோ மும்பைக்கோ போய், அங்கிருந்து கடலில் இறங்குகிறது நம் பேச்சு.

சென்னைக்கு வரும் கம்பிகளில் முக்கியமான ஒன்று சீ-மீ-வீ 4. சிங்கப்பூரில் தொடங்கி சென்னை, மும்பை, கராச்சி, வளைகுடா, எகிப்து வழியாகப் பிரான்ஸின் மார்செய் வரை சுமார் 18,800 கிலோமீட்டர். 2005 டிசம்பரில் பயன்பாட்டுக்கு வந்தது. 16 தொலைத்தொடர்பு நிறுவனங்கள் பணம் போட்டுக் கூட்டாக அமைத்தவை. அதில் இந்திய நிறுவனங்களும் உண்டு, பாகிஸ்தான் நிறுவனமும் உண்டு. கிரிக்கெட் ஆடவே யோசிக்கும் இரண்டு நாடுகள் ஒரே கம்பியைப் பங்கிட்டுக்கொள்கின்றன. தனியாக ஒரு நாடு இதைச் செய்திருக்க முடியாது. ஆழ்கடலில் கம்பி பதிக்க எல்லா நாட்டுக்கும் உரிமை உண்டு என்கிறது 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை. ஆனால் கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள் வந்துவிட்டால் அந்தந்த நாட்டின் அனுமதி வேண்டும்.

அனுமதி என்ற அந்தச் சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாண்டிரியா அருகே இந்தக் கம்பியும் இன்னொன்றும் அறுந்தன. இந்தியாவிலும் வளைகுடாவிலும் இணையம் படுத்துவிட்டது. பக்கத்திலிருக்கும் துபாயோடு பேச ஐரோப்பா வரை ஏன் போகவேண்டும் என்று கேட்கலாம். நாம் பயன்படுத்திய சேவைகளின் கணினிகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும்தான் இருந்தன. ஆனாலும் கப்பல் போய் இரண்டு வாரத்துக்குள் சரிசெய்துவிட்டது.

2024 பிப்ரவரியில் செங்கடலில் நடந்தது வேறு. ஏவுகணைத் தாக்குதலுக்கு உள்ளான ரூபிமார் என்ற சரக்குக் கப்பல் நங்கூரத்தை இழுத்தபடியே மிதந்து போனதில் மூன்று கம்பிகள் அறுந்தன என்று கருதப்படுகிறது. அறுந்ததை ஒட்டுவது நிபுணர்களுக்குப் பழகிய வேலை. ஆனால் ஏமனில் ஏடனில் ஓர் ஆட்சி, சனாவில் ஓர் ஆட்சி. யாரிடம் அனுமதி வாங்குவது? பழுதுபார்ப்பு மாதக்கணக்கில் இழுத்தது. 2025 செப்டம்பரில் ஜித்தா அருகே மறுபடியும் சீ-மீ-வீ 4 அறுந்து, இந்தியாவிலும் அமீரகத்திலும் இணையம் மந்தமானது.

இப்படி ஒவ்வொரு முறை அறுபடும்போதும் வலையமைப்பின் வடிவம் கொஞ்சம் மாறுகிறது. ஒரே வழியை நம்பினால் ஆபத்து என்று நாடுகள் மாற்றுவழி தேடுகின்றன. ஓமனிலிருந்து மும்பை, கொழும்பு, சென்னை வழியாக மலேசியாவின் பினாங்கு வரை போகும் வங்காள விரிகுடாக் கம்பி அப்படி நமக்குக் கிடைத்த இன்னொரு பாதை. செங்கடலைத் தொடாமலே வளைகுடாவையும் மலேசியாவையும் நம்மோடு சேர்க்கிறது.

பழுதுபார்க்கும் கப்பலுக்கு மட்டும் இந்தியா இன்னும் வெளிநாட்டாரை எதிர்பார்த்துத்தான் நிற்கிறது. இந்தியக் கொடி பறக்கும் கப்பல்கள் வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2023இல் பரிந்துரை செய்தது. கடற்கரை இவ்வளவு நீளமாக இருக்கும் நாட்டுக்கு அது முன்பே தோன்றியிருக்க வேண்டும்.