போதையை விட வேண்டுமானால் முதலில் உயிரோடு இருக்க வேண்டும்

ஊசி வழியாகப் போதைப்பொருள் ஏற்றிக்கொள்ளும் ஒருவர், பயன்படுத்திய ஊசியைக் கொடுத்துவிட்டுப் புதிய ஊசி வாங்கிக்கொள்கிறார். கொடுப்பவர், அதற்கென்றே பதிவு பெற்ற திட்டமொன்றின் பணியாளர். இந்த இருவர் மீதும் வழக்குப் போட முடியாது. 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, இந்தக் காட்சியையே உதாரணமாக எழுதி வைத்திருக்கிறது. 2018 செப்டம்பர் 10 முதல் அந்தச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. யாருடைய பாதுகாப்புக்காக எழுதப்பட்டதோ, அவர்களில் பலருக்கு அது இருப்பதே தெரியாது.

'ஊசி கொடுத்தால் போதையை ஊக்குவிப்பதாகாதா?' என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. பதிலுக்கு இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் நாட்டில் பெரியவர்களிடையே எச்.ஐ.வி. பாதிப்பு ஏறத்தாழ 0.2 சதவீதம். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் 2021 கண்காணிப்பில், ஊசி வழியாகப் போதை ஏற்றுபவர்களிடையே அது 9 சதவீதத்தைத் தொட்டிருந்தது. இந்த வேறுபாட்டுக்கு முக்கியக் காரணம் ஒரே ஊசியைப் பலர் பகிர்வது. அந்தத் தொற்று அவர்களோடு நிற்பதில்லை; மனைவிக்குப் போகிறது, பிறக்கும் குழந்தைக்கும் போகிறது.

போதையை விடச் சொல்வது சரிதான். ஆனால் பலர் ஒரே முயற்சியில் விடுவதில்லை. விட்டு, மீண்டும் விழுந்து, மறுபடி முயன்றுதான் மீள்கிறார்கள். அந்த இடைக்காலத்தில் அவர் சாகாமலும் தீராத நோய் வாங்காமலும் இருக்கச் செய்யும் ஏற்பாடுகளைத்தான் 'தீங்கு குறைப்பு' என்கிறோம்.

மாத்திரை ஊசிக்கானதல்ல

தமிழ்நாட்டில் இன்று பெரிய கவலை, டேப்பென்டடால், டிரமடால் போன்ற வலி மாத்திரைகளைக் கரைத்து நரம்பில் ஏற்றும் பழக்கம். அறுவைச் சிகிச்சை வலிக்கும் நாள்பட்ட வலிக்கும் மருத்துவர் எழுதித் தரும் மாத்திரைகள் இவை. 'மருந்துக் கடையில் கிடைப்பதுதானே, ஹெராயின் மாதிரி ஆபத்தில்லை' என்ற எண்ணம் இளைஞர்களிடம் இருக்கிறது. இரண்டும் அபின் வகையைச் சேர்ந்தவையே. மூச்சை அடக்கும் குணம் இரண்டுக்கும் உண்டு.

விழுங்குவதற்காகச் செய்த மாத்திரையில் மருந்து மட்டும் இல்லை. மாவும், டால்கம் போன்ற பொடிகளும், பிணைப்புப் பொருள்களும் கலந்திருக்கும். இவை முழுதாகக் கரைவதில்லை. ரத்தத்தில் கலந்தால் நுரையீரலின் நுண்ணிய ரத்தக் குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளும். ஏற்றிய இடத்தில் சீழ்க்கட்டி வரும், நரம்பு கெட்டுப்போகும். தோலில் இருக்கும் கிருமி ரத்தத்தோடு போய் இதய வால்வைத் தாக்குவதும் உண்டு. தவறி தமனியில் ஏற்றினால் விரலையோ கையையோ இழக்க நேரிடும்.

'என் ஊசியை நான் யாருக்கும் கொடுப்பதில்லை' என்பதும் போதாது. கரைக்கும் தண்ணீர், மூடி, வடிகட்டும் பஞ்சு ஆகியவற்றைப் பகிர்ந்தாலும் ஹெபடைடிஸ் சி தொற்றும். பயன்படுத்திய சிரிஞ்சுக்குள் அந்த வைரஸ் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

மூச்சு குறைந்தால்

அபின் வகைப் பொருளை அளவுக்கு மீறி எடுத்தவர் பெரும்பாலும் மூச்சு நின்றுதான் இறக்கிறார். உடனே நிற்பதில்லை, மெல்ல மெல்லக் குறைந்து நிற்கிறது. 'நல்லாத் தூங்குறான், விடு' என்று பக்கத்தில் இருப்பவர்கள் நினைக்கும் நேரம்தான் அவரைக் காப்பாற்றக்கூடிய நேரம்.

அடையாளங்கள்: கூப்பிட்டாலும் உலுக்கினாலும் எழவில்லை. மூச்சு மிக மெதுவாக, விட்டு விட்டு வருகிறது. தொண்டையில் களகளவென்றோ வழக்கத்துக்கு மாறான குறட்டையாகவோ சத்தம் கேட்கிறது. உதடும் நகமும் நீலம் பூக்கின்றன. கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருக்கிறது.

செய்ய வேண்டியது: பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிடுங்கள். நெஞ்செலும்பின் மேல் விரல் முட்டிகளால் அழுத்தித் தேயுங்கள். விழிக்காவிட்டால் உடனே 108-ஐ அழையுங்கள். 'மயக்கம், மூச்சு சரியாக இல்லை' என்று முதலிலேயே சொல்லுங்கள். வாயில் எச்சிலோ வாந்தியோ இருந்தால் துடைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு 5 விநாடிக்கு ஒரு முறை வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். மூச்சு தானாக வரத் தொடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மல்லாந்து கிடந்தால் வாந்தி மூச்சுக்குழலில் இறங்கிவிடும்.

செய்யக் கூடாதது: தண்ணீருக்குள் உட்கார வைக்காதீர்கள். பால், உப்புத் தண்ணீர், எலுமிச்சைச் சாறு எதையும் வாயில் ஊற்றாதீர்கள். தெளிய வைப்பதாக வேறெந்த ஊசியும் போடாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பயந்து விட்டுவிட்டு ஓடாதீர்கள்.

அபின் வகைப் பொருளுக்கு முறிவு மருந்து நலாக்சோன். மருத்துவமனையில் ஊசியாகப் போடுவார்கள். சில நிமிடங்களில் மூச்சு திரும்பும். நலாக்சோனின் வேலை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரைதான். உள்ளே இருக்கும் போதைப்பொருள் அதற்குப் பிறகு மூச்சை மீண்டும் அமுக்கலாம். 'தெளிந்துவிட்டான்' என்று உடனே வீட்டுக்குக் கூட்டிப் போகக் கூடாது.

யாருக்கு ஆபத்து அதிகம்? தனியாக எடுப்பவருக்கு. மதுவோடும் தூக்க மாத்திரையோடும் சேர்த்து எடுப்பவருக்கு. சிறையிலிருந்தோ மறுவாழ்வு மையத்திலிருந்தோ புதிதாக வெளியே வந்தவருக்கு. சில வாரங்கள் எடுக்காமல் இருந்தாலே உடலின் தாங்கும் திறன் இறங்கிவிடும். பழைய அளவே உயிரைப் பறிக்கும் அளவாகிவிடும். ஜாமீனில் மகனை அழைத்து வரும் பெற்றோர் இதை அவனிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

எங்கே என்ன கிடைக்கும்?

மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கங்களின் உதவியோடு இயங்கும் திட்டங்களில் புதிய ஊசி, சீழ்க்கட்டிக்கு மருந்து, ஆணுறை, பரிசோதனை, ஆலோசனை எல்லாம் இலவசம். அரசு மருத்துவமனைகளில் உள்ள 'நம்பிக்கை மையம்' எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும், முடிவை ரகசியமாக வைத்திருக்கும். பகிர்ந்த ஊசி குத்திவிட்டது என்று சந்தேகம் வந்தால் 72 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பு மருந்து பற்றிக் கேளுங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் ஹெபடைடிஸ் சி-க்கு மாத்திரை இலவசம். பெரும்பாலோருக்கு 12 வாரத்தில் முழுதாகக் குணமாகிவிடும்.

இன்னொரு சேவை, மாற்று மருந்துச் சிகிச்சை. ப்யூப்ரினார்ஃபின் என்ற மாத்திரையைச் செவிலியர் பொடித்து நாக்குக்கு அடியில் வைப்பார். கரையும்வரை சில நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். வாயைத் திறந்து காட்டிய பிறகு பதிவேட்டில் கையெழுத்து. அவ்வளவுதான். கை கால் குடைச்சல், வாந்தி, பேதி, மூக்கில் நீர் என்று, போதை கிடைக்காதபோது வாட்டும் அவதி அன்றைக்கு இல்லை. ஊசிக்கான தேவையும் இல்லை. மனிதர் நேராக வேலைக்குப் போகலாம். 'ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை' என்று இதைப் பழிப்பவர்கள் உண்டு. உலக சுகாதார அமைப்பு 2005 முதல் இந்த மருந்தை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் வைத்திருக்கிறது.

சட்டம் தரும் வழி

போதைப்பொருள் எடுப்பது குற்றம்தான். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டமான என்.டி.பி.எஸ். சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி, ஹெராயின், கோகைன் போன்றவற்றுக்கு ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மற்றவற்றுக்கு 6 மாதம் வரை, 10,000 ரூபாய் வரை.

அதே சட்டத்தின் 64-ஏ பிரிவு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. போதைக்கு அடிமைப்பட்டவர் ஒருவர், பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்டால், தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை பெற்றால், வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். 2001-இல் கோகைன் வழக்கில் கைதான இந்தி நடிகர் ஒருவருக்கு 2012-இல் மும்பை நீதிமன்றம் இந்தப் பிரிவின் கீழ்தான் விலக்கு அளித்தது. வடசென்னையில் பிடிபடும் ஒரு பையனுக்கும் இதே பிரிவுதான். சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கு பறிபோகலாம். மருத்துவமனைச் சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். தண்டனை பெற்றுவிட்டாலும்கூட, 39-ஆம் பிரிவின்படி சிறைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'சிறிய அளவு' என்பது ஹெராயினுக்கு 5 கிராம், கஞ்சாவுக்கு ஒரு கிலோ. 2018 ஏப்ரலில் இந்தச் சட்டத்துக்குள் வந்த டிரமடாலுக்கும் 5 கிராம்தான். கலப்படத்தையும் சேர்த்த மொத்த எடையைத்தான் கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொல்லிவிட்டது. நண்பர்களுக்கும் சேர்த்து வாங்கி வைத்திருப்பவர் எளிதில் இந்த எல்லையைத் தாண்டிவிடுவார். பிறகு 64-ஏ அவருக்கு உதவாது.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், தொலைபேசி 15100. காவலில் இருப்பவருக்குச் சட்ட உதவி இலவசம்.

மறுவாழ்வு மையத்தில் சேர்க்குமுன்

சில மையங்களிலிருந்து இரவில் வேனோடு நாலு பேர் வந்து பையனைத் தூக்கிப் போவார்கள். மூன்று மாதம் கழித்துத்தான் பார்க்கலாம் என்பார்கள். தாங்க முடியாமல் தவிக்கும் குடும்பம் கடன் வாங்கிக் கட்டணம் கட்டும். அடித்து உயிர் போன செய்திகளும் வந்திருக்கின்றன.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப் பழக்கத்தால் வரும் மனநலப் பாதிப்புகளையும் தன் வரம்புக்குள் வைத்திருக்கிறது. அதன்படி யாரையும் சங்கிலியால் கட்டக் கூடாது. கட்டாயமாக மொட்டை அடிக்கக் கூடாது. கட்டாய வேலை வாங்கக் கூடாது. வீட்டாரோடு தொடர்புகொள்ளும் உரிமையைப் பறிக்கக் கூடாது. தானாக வந்து சேர்ந்த வயதுவந்தவர், போகிறேன் என்றால் விட வேண்டும். ஒப்புதல் தர இயலாத கடுமையான நிலையில் மட்டுமே, மனநல மருத்துவர் உள்ளிட்ட இருவர் தனித்தனியே பார்த்த பிறகு, பிறர் துணையோடு சேர்க்கலாம். அதுவும் முதலில் 30 நாளுக்குத்தான். பணம் கட்டுமுன் மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கும் இடத்தில் பிள்ளையை விடாதீர்கள்.

மருத்துவமனை விஷயத்திலும் உரிமை தெளிவானது. அவசர நிலையில் வந்தவரை, போலீஸ் வழக்கு என்று சொல்லித் திருப்பி அனுப்பக் கூடாது என்பது 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு.

இன்னும் இல்லாதவை

சாலை விபத்தில் உதவியவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் பிரிவு இருக்கிறது. போதையில் மூச்சடங்கிய நண்பனுக்கு ஆம்புலன்ஸ் அழைத்தவருக்கு அப்படித் தனிப் பாதுகாப்பு இல்லை. அதனால்தான் பலர் ஓடிவிடுகிறார்கள். அமெரிக்காவில் 2023-இலேயே நலாக்சோன் மூக்குத் தெளிப்பானை மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்க அனுமதி வந்துவிட்டது. இங்கே அது குடும்பங்களின் கைக்கு எட்டவில்லை.

சந்தையில் ஆபத்தான சரக்கு வந்தால் உடனே எச்சரிக்கும் முறையும் வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் முதல் சாவுகளுக்குக் காரணம் கள்ளச்சாராயம் அல்ல என்று மாவட்ட நிர்வாகம் முதலில் மறுத்தது. துக்கத்துக்கு வந்தவர்களும் அதே சாராயத்தைக் குடித்தார்கள். 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதல் நாளே தெருவில் தண்டோரா போட்டிருந்தால் சில உயிராவது மிஞ்சியிருக்கும்.

இந்த மூன்றையும் அரசிடம் கேட்க வேண்டும். அதுவரை இருப்பதைப் பயன்படுத்துங்கள்: மூச்சுத் திணறலுக்கு 108, போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, எச்.ஐ.வி. தகவலுக்கு 1097, சட்ட உதவிக்கு 15100. வீட்டில் எல்லோர் கைபேசியிலும் இவற்றைப் பதிந்து வையுங்கள். போதைப் பழக்கம் உள்ள உங்கள் பிள்ளையின் நண்பர்களிடமும் சொல்லுங்கள். அவன் மயங்கி விழும்போது பக்கத்தில் இருக்கப்போவது அவர்கள்தான்.