பேனாதான் அச்சு இயந்திரம்!

சீர்காழிக்குத் தெற்கே, காவிரித் தண்ணீர் பாயும் அதே நெல் நாட்டில் இருக்கிறது திருவாரூர். 1941-ம் ஆண்டு அந்த ஊர்ப் பள்ளி மாணவர் ஒருவர் பத்திரிகை நடத்தினார். கையில் பணம் இல்லை. பேனா இருந்தது. அது போதாதா?

பத்திரிகையின் பெயர் "மாணவ நேசன்." நடத்தியவர் மு.கருணாநிதி. ஆம், 1969-ல் முதல்-அமைச்சர் ஆனாரே, அவரேதான்!

அவர் 1924-ல் திருக்குவளையில் பிறந்தவர். சிறு வயதில் நாதசுரம் கற்க அனுப்பினார்கள். அங்கே சட்டை போடக் கூடாது. துண்டைத் தோளில் போடக் கூடாது. இடுப்பில் கட்ட வேண்டும். பெரிய மனிதர்கள் எதிரே அப்படித்தான் நிற்க வேண்டும். பையனின் மனம் ஒப்பவில்லை. நாதசுரத்தை விட்டுவிட்டார். அந்த ரோசம்தான் பேனாவைப் பிடிக்க வைத்தது என்றால் தவறு இல்லை.

அந்நாளில் கையெழுத்துப் பத்திரிகைகள் பல ஊர்களில் உண்டு. எழுத்து அழகாக உள்ளவர் எழுதுவார். படம் போடத் தெரிந்தவர் அட்டையை வரைவார். பிரதி கைமாறிக்கொண்டே போகும். விரல் வலிதான் செலவு!

1942 ஆகஸ்டு 10-ந் தேதி "முரசொலி" வந்தது. இது அச்சடித்த துண்டுத் தாள். எழுதியவர் "சேரன்." அதுவும் அவர்தான். வயது 18. அந்தத் தாள் 1948-ல் வார இதழ் ஆயிற்று. 1960-ல் நாளிதழ் ஆயிற்று.

டெல்லியில் 2003-ல் தெருவோரப் பிள்ளைகளின் பத்திரிகையாகத் தொடங்கியது "பாலக்நாமா." வேலைக்குப் போகும் சிறுவர், சிறுமியரே அதன் நிருபர்கள். எழுதத் தெரியாத பிள்ளை என்ன செய்யும்? நடந்ததை வாயால் சொல்லும். எழுதத் தெரிந்த பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளும்.