45 அவுன்ஸ் வெள்ளி

வெள்ளிப் பாத்திரத்தைக் கையில் எடுத்ததும் நாம் முதலில் கேட்பது எடை, அடுத்தது செய்கூலி. பாஸ்டன் நகரில் 1768-இல் பால் ரெவியர் என்ற தட்டார் செய்த ஒரு மதுக் கிண்ணத்தில் எடைதான் சேதியே. 45 அவுன்ஸ் வெள்ளி, 45 ஜில் கொள்ளளவு. செய்யச் சொன்னவர்கள் ‘விடுதலையின் மைந்தர்கள்’ இயக்கத்தைச் சேர்ந்த 15 பேர்.

ஏன் 45? லண்டனில் ஜான் வில்க்ஸ் நடத்திய ‘நார்த் பிரிட்டன்’ இதழின் 45-ஆம் எண், 1763 ஏப்ரல் 23-இல் அரசரின் உரையைக் கடுமையாகச் சாடியது. யார் பெயரும் குறிக்காத பொதுப் பிடியாணையை வைத்து 49 பேரைப் பிடித்தார்கள். அதற்குப் பிறகு அந்த எண்ணே கடல் கடந்தும் முழக்கமாகிவிட்டது.

கிண்ணத்துக்கு இன்னொரு எண்ணும் உண்டு: 92. பிரிட்டிஷ் வரிகளை எதிர்த்து மாசசூசெட்ஸ் சபை 1768 பிப்ரவரியில் மற்றக் குடியேற்றங்களுக்கு ஒரு சுற்றுக்கடிதம் அனுப்பியது. அதைத் திரும்பப் பெறச் சொல்லி லண்டனிலிருந்து உத்தரவு வந்தது. ஜூன் 30 வாக்கெடுப்பில் ‘மாட்டோம்’ என்றவர்கள் 92 பேர், பணிந்தவர்கள் 17 பேர். நூற்றுக்கு 84 பேர் மறுத்திருக்கிறார்கள். ஆளுநர் சபையைக் கலைத்தார். அந்த 92 பேரின் நினைவாகச் செய்ததுதான் இந்தக் கிண்ணம்.

இனி கணக்குக்கு வருவோம். வெள்ளிக்கான டிராய் அவுன்ஸ் 31.1 கிராம். 45 அவுன்ஸ் என்றால் ஏறக்குறைய 1,400 கிராம். அன்றைய மாசசூசெட்ஸில் ஓர் அவுன்ஸ் வெள்ளியின் சட்டபூர்வ மதிப்பு 6 ஷில்லிங் 8 பென்ஸ், அதாவது 3 அவுன்ஸுக்கு ஒரு பவுண்டு. அப்படியானால் வெள்ளி மட்டும் 15 பவுண்டு. தலைக்கு ஒரு பவுண்டு. ஸ்பானிய வெள்ளி டாலர் 6 ஷில்லிங் என்பதால் மொத்தம் 50 டாலர். செய்கூலி தனி. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. தலைக்கு 3 அவுன்ஸ் வெள்ளி, தலைக்கு 3 ஜில் பானம். சமமாகப் பிரித்தால் மிச்சம் விழாத கணக்கு.

ஜில் என்பது கால் பைன்ட், அன்றைய அளவில் சுமார் 118 மில்லி. 45 ஜில் 5.3 லிட்டர். விளிம்புவரை பானம் ஊற்றினால் மொத்த எடை ஆறரைக் கிலோவைத் தாண்டும். இரண்டு கையாலும் ஏந்தித்தான் அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். ஆகஸ்ட் 1 இரவு அதை முதன்முதலாகக் கொண்டுவந்து வைத்தார்கள். வாக்கெடுப்பு முடிந்து 32 நாள்தான் ஆகியிருந்தது. அன்றிரவு உடனிருந்த வணிகர் ஜான் ரோ, கிண்ணத்தின் எடையையும் கொள்ளளவையும் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார்.

கிண்ணத்தின் ஒரு பக்கத்தில் 45 என்ற எண், விடுதலைத் தொப்பி, மகா சாசனத்தின் (மாக்னா கார்ட்டா) பெயர் தாங்கிய கொடி. அவற்றின் கீழே, பொதுப் பிடியாணை என்று எழுதிய ஒரு தாள் கிழிந்து கிடப்பதுபோலச் செதுக்கியிருக்கிறார் ரெவியர். விளிம்பைச் சுற்றி 15 பேரின் பெயர்கள். அரசாங்கத்தின் கோபத்துக்கு ஆளானவர்களைப் புகழும் பாத்திரத்தில் தங்கள் பெயரையே வெட்டவைத்த துணிச்சலை நான் பெரிதாக மதிக்கிறேன். அக்டோபர் 1-இல் பிரிட்டிஷ் படை பாஸ்டனில் வந்து இறங்கியது.

இந்த எண்கள் பாஸ்டனோடு நின்றுவிடவில்லை. அதே மாதம் இன்னொரு குடியேற்றத்தின் சார்லஸ்டன் நகரில் ஒரு விருந்து: மரத்தில் 45 விளக்குகள், மேசையில் 45 கிண்ணம் பானம், 45 போத்தல் ஒயின், 92 கோப்பைகள்.

பணமுடை வந்தாலும் பாணி மாறினாலும் வெள்ளிப் பாத்திரத்தை உருக்கிவிடுவது அந்தக் கால வழக்கம். இந்தக் கிண்ணம் உருக்குக்குப் போகவில்லை. 1949-இல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் அதை வாங்கியபோது பள்ளிப் பிள்ளைகளும் பொதுமக்களுமாக 700 பேரின் நன்கொடை அதில் சேர்ந்தது. 15 பேர் பங்கு போட்ட சொத்துக்கு 181 ஆண்டுகள் கழித்து ஓர் ஊரே பங்கு போட்டது.

பாஸ்டன் போக வாய்த்தால் அந்தக் கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி வந்து பெயர்களை எண்ணிப் பாருங்கள்.