கெடு தவறாத கணினி

1997 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோ நகரில் ரியல்டைம் கணினி ஆய்வாளர்களின் மாநாடு நடந்தது. விண்ட் ரிவர் நிறுவனத்தின் டேவிட் வில்னர் பேசி முடித்ததும், கூட்டத்தில் இருந்த மூன்று பேரை எழுந்து நிற்கச் சொன்னார்கள். அரங்கம் கைதட்டி ஆரவாரித்தது. எழுந்தவர்கள் லூய் ஷா, ஜான் லெஹோஸ்கி, ராஜ் ராஜ்குமார். கடைசிப் பெயருக்கு உரியவர் கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் 1984-இல் பட்டம் பெற்று, அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக்குப் போன ரகுநாதன் ராஜ்குமார். மூவரும் சேர்ந்து 1990-இல் வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரைதான் செவ்வாயில் தடுமாறிய விண்கலத்தைக் கரை சேர்த்திருந்தது.

அந்த ஆண்டு ஜூலை 4 அன்று நாசாவின் பாத்ஃபைண்டர் செவ்வாயில் இறங்கியது. சில நாள்களில் அதன் கணினி தன்னைத் தானே ரீசெட் செய்துகொள்ள ஆரம்பித்தது. ஒவ்வொரு முறையும் அன்றைய மிச்ச வேலை மறுநாளுக்குத் தள்ளிப்போனது. காரணம் இதுதான். வானிலைத் தரவு சேகரிக்கும் டாஸ்க்குக்கு முன்னுரிமை குறைவு. அது ஒரு பொது வளத்தைப் பூட்டி வைத்திருந்த நேரத்தில், முன்னுரிமை கூடிய தரவுப் பங்கீட்டு டாஸ்க் அதே வளத்துக்காகக் காத்து நின்றது. நடுத்தர முன்னுரிமை கொண்ட தகவல் தொடர்பு டாஸ்க் இடையில் புகுந்து, வானிலை டாஸ்க்கை ஓடவிடாமல் செய்தது. பூட்டியவன் ஓடினால்தானே பூட்டு திறக்கும்? பெரிய வேலை கெடுவுக்குள் முடியவில்லை என்று கண்டதும் கணினி எல்லாவற்றையும் நிறுத்தி மறுபடி தொடங்கியது. பூமியிலிருந்த மாதிரிக் கலத்தில் இதே கோளாறை வரவழைத்துப் பார்த்த பொறியாளர்கள், பூட்டு வைத்திருப்பவனுக்குக் காத்திருப்பவனின் முன்னுரிமையைத் தற்காலிகமாகக் கொடுக்கும் வசதியை இயக்கி அனுப்பினார்கள். பழுது தீர்ந்தது. ஷா, ராஜ்குமார், லெஹோஸ்கி கட்டுரை அலசியது இந்த வசதியைத்தான்.

இது நமக்குத் தூரத்துக் கதை இல்லை. நம் திருநெல்வேலி மாவட்டத்துச் சேரன்மகாதேவியில் பொறியியல் கல்லூரி இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் உட்பொதி அமைப்புகளுக்கென்று தாள் இருக்கிறது. பாத்ஃபைண்டருக்கு வந்த இந்தச் சிக்கலை மாணவர்கள் 13 மார்க் கேள்விக்கான விடையாக எழுதிவிட்டு மறந்துபோவதுதான் வழக்கமாக இருக்கிறது. இதே மாவட்டத்தின் தெற்கே மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் ராக்கெட் இன்ஜின்களைச் சோதிக்கிறது. எரியும் இன்ஜினில் அழுத்தம் எல்லை மீறினால், நிறுத்தச் சொல்லும் கட்டளை குறித்த மில்லி செகண்டுக்குள் போய்ச் சேர வேண்டும். கூடங்குளத்தில் அணு உலைகள் ஓடுகின்றன. குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளம் எழும்புகிறது. இந்தத் துறை நமக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது, அது விடைத்தாளோடு நின்றுபோவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

ரியல்டைம் என்றால் வேகம் என்று நினைப்பவர்கள் அதிகம். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முதல் டாஸ்க் 10 மில்லி செகண்டுக்கு ஒருமுறை வரும், 5 மில்லி செகண்ட் ஓட வேண்டும். இரண்டாவது 14 மில்லி செகண்டுக்கு ஒருமுறை வரும், 6 ஓட வேண்டும். கூட்டினால் பிராசசரில் 93 சதவீதம்தான் நிரம்புகிறது, மிச்சம் இருக்கிறது. அடிக்கடி வரும் முதல் டாஸ்க்குக்கே முன்னுரிமை என்று வைத்து ஓடவிடுங்கள். 0 முதல் 5 வரை முதலாவது, 5 முதல் 10 வரை இரண்டாவது. 10-இல் முதலாவது திரும்ப வந்து 15 வரை பிடித்துக்கொள்கிறது. இரண்டாவதற்கு இன்னும் 1 மில்லி செகண்ட் பாக்கி, கெடுவோ 14-இலேயே முடிந்துவிட்டது. இப்படி முன்னுரிமை வைக்கும்போது எத்தனை டாஸ்க் இருந்தாலும் கெடு தவறாது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய எல்லை ஏறக்குறைய 69 சதவீதம். 1973-இல் லியூவும் லேலாண்டும் நிறுவியது. அதற்கு மேல் போனால் ஒவ்வொரு டாஸ்க்கையும் தனித்தனியாகக் கணக்குப் பார்த்தே ஆக வேண்டும். சராசரி வேகம் இங்கே உதவாது. ஆக மோசமான நேரத்தில் எவ்வளவு தாமதம் என்பதே கேள்வி.

அடுத்தது ஹைப்பர்வைசர், அதாவது ஒரே கணினியைப் பல தனிப் பகுதிகளாகப் பிரித்து நிர்வகிக்கும் மென்பொருள். ஒரு காலத்தில் விமானத்தில் ஒவ்வொரு வேலைக்கும் தனிப் பெட்டி, தனிக் கணினி. எடையும் மின்செலவும் கூடிக்கொண்டே போனதால் பல வேலைகளை ஒரே கணினியில் சேர்க்க வேண்டி வந்தது. 1995-இல் பயணிகள் சேவைக்கு வந்த போயிங் 777 அப்படித்தான் வடிவமைக்கப்பட்டது. சேர்த்தால் வரும் ஆபத்து தெரிந்ததே: ஒன்றில் பிழை வந்தால் மற்றதும் சாயும். ஆகவே நினைவகத்தையும் நேரத்தையும் பகுதி பகுதியாகப் பிரித்து வேலி போட்டார்கள். விமானத் துறையின் ஏரின்க் 653 என்ற தரம் இதற்கான விதிகளைச் சொல்கிறது. ஒரு பெரிய சுற்று, அதற்குள் ஒவ்வொரு பகுதிக்கும் முன்கூட்டியே குறித்த நேரச் சாளரம். தாமிரபரணியில் தண்ணீர் குறைந்த ஆண்டில் கன்னடியன் கால்வாயில் முறை வைத்துப் பாய்ச்சுவதை அறிந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். நம் முறை முடிந்தால் மடை அடைபடும். வயல் நனைந்ததா இல்லையா என்று யாரும் பார்ப்பதில்லை, அதனால்தான் அடுத்தவர் முறை பிசகுவதில்லை. இன்றைய காரில் வேகம் காட்டும் திரையும் பாட்டுப் பெட்டியும் ஒரே சிப்பில் ஓடலாம். பாட்டுப் பெட்டி உறைந்து நின்றாலும் வேகமானி நிற்கக் கூடாது.

தொடங்குவது எப்படி? நேராக ஹைப்பர்வைசரில் கைவைக்க வேண்டாம். ராஸ்ப்பெர்ரி பை பிகோ என்ற பலகை 2021-இல் 4 டாலருக்கு வெளிவந்தது, நம் ஊரில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஃப்ரீ ஆர்.டி.ஓ.எஸ். என்ற ரியல்டைம் இயக்க முறைமை இலவசம், மூல நிரலும் திறந்தே இருக்கிறது. ஒரே கோரில் ஓடும்படி அமைத்து, மூன்று முன்னுரிமைகளில் மூன்று டாஸ்க் எழுதுங்கள். பொது வளத்தைப் பைனரி செமஃபோரால் பூட்டினால் பாத்ஃபைண்டருக்கு நேர்ந்தது உங்கள் மேசை மேலேயே நேரும். அதே இடத்தில் மியூடெக்ஸ் வையுங்கள், சரியாகிவிடும். ஃப்ரீ ஆர்.டி.ஓ.எஸ்.ஸின் மியூடெக்ஸில் முன்னுரிமையைக் கைமாற்றும் ஏற்பாடு உண்டு, பைனரி செமஃபோரில் இல்லை. உயர்ந்த டாஸ்க் காத்திருந்த நேரத்தை இரண்டு நிலையிலும் அளந்து எழுதிவையுங்கள். இந்த ஒரு பரிசோதனை கற்றுத்தருவதை எந்த கைடும் கற்றுத்தராது. பலகை வாங்க வழியில்லை என்றால் ஸெஃபிர் என்ற ஆர்.டி.ஓ.எஸ்.ஸை க்யூஎமு எமுலேட்டரில், பழைய லேப்டாப்பிலேயே ஓட்டிப் பார்க்கலாம். நேரம் அளக்க மட்டும் எமுலேட்டரை நம்ப வேண்டாம்.

பிறகு ஜெயில்ஹவுஸ். சீமென்ஸ் நிறுவனத்தில் யான் கிஸ்கா தொடங்கி 2013-இல் வெளியிட்ட திறந்த மூல ஹைப்பர்வைசர் இது. லினக்ஸ் முதலில் எழும். ஜெயில்ஹவுஸ் அதன் அடியில் போய் அமர்ந்துகொண்டு, கோர்களையும் நினைவகத்தையும் செல்களாகப் பிரிக்கும். இங்கே முறை வைப்பதே கிடையாது, ஒரு கோர் முழுசாக ஒரு செல்லுக்குச் சொந்தம். அமைப்புக் கோப்பு எழுதுவதில்தான் பொறுமை சோதிக்கப்படும். எந்த முகவரியிலிருந்து எவ்வளவு நினைவகம், எந்தச் சாதனம் யாருக்கு என்று ஒவ்வொன்றையும் நீங்களே சொல்ல வேண்டும். க்யூஎமுவுக்கான தயார் இமேஜோடு ஆரம்பித்தால் முதல் தடை சுலபமாகத் தாண்டும். கையில் ராஸ்ப்பெர்ரி பை 4 இருந்தால் அதிலும் ஓடும்.

அந்தப் பலகையில், ஒரு செல்லில் டைமர் நிரலை ஓடவிட்டு, அது எத்தனை மைக்ரோ செகண்ட் பிசகுகிறது என்று குறியுங்கள். பிறகு லினக்ஸ் பக்கம் நினைவகத்தை ஓயாமல் எழுதி அழிக்கும் ஒரு நிரலைக் கிளப்புங்கள். கோர்கள் தனித்தனியாக இருந்தும் டைமர் தடுமாறுவதைப் பார்க்கலாம். கேஷும் நினைவகப் பாதையும் இன்னும் பொதுவாகவே இருப்பதுதான் காரணம். பல கோர் பிராசசர்களை விமானத்தில் ஏற்றச் சான்று கேட்பவர்கள் இந்தக் குறுக்கீட்டைக் கணக்கில் காட்ட வேண்டும் என்று சான்றளிப்பு அமைப்புகளின் குழு 2016-இல் தனி அறிக்கையே வெளியிட்டது. தனித்தனியாகப் பிரித்துவிட்டோம் என்று வாயால் சொன்னால் போதாது, அளந்து காட்ட வேண்டும் என்பதே அதன் சாரம்.

நம்மிடம் சிப்பும் வந்துவிட்டது. சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி பிராசசரை அடிப்படையாகக் கொண்டு இஸ்ரோவோடு சேர்ந்து உருவாக்கிய ஐரிஸ் சிப்பை 2025 பிப்ரவரியில் அறிவித்தார்கள். அதன் மேல் ஓடும் மென்பொருளை எழுதவும் சோதிக்கவும் ஆள் வேண்டும்.

ஆகவே துறைத் தலைவர்களிடம் ஒரு வேண்டுகோள். விளக்கு எரியவிடுவதோடு ஆய்வக வகுப்பை முடிக்காதீர்கள். முன்னுரிமைக் கோளாறை வரவழைத்துத் தீர்ப்பதை ஒரு பயிற்சியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். இறுதியாண்டு ப்ராஜெக்ட் காட்ட வரும் மாணவரிடம், ஓடுகிறதா என்பதோடு, ஆக மோசமான தாமதம் எவ்வளவு, எப்படி அளந்தாய் என்றும் கேளுங்கள். மாணவர்களே, அதுவரை காத்திருக்க வேண்டாம். இந்த செமஸ்டர் விடுமுறைக்குள் அந்த மூன்று டாஸ்க்குகளை எழுதி முடித்துவிடுங்கள்.