கல்லாப்பெட்டியின் சாவி யாரிடம்?

“வியாபாரம் மந்தம்!”

தளிக் கடைவீதியில் இந்தச் சொல்லைத் தமிழிலும் கேட்கலாம், தெலுங்கிலும் கேட்கலாம், கன்னடத்திலும் கேட்கலாம். மொழி மூன்று, முனகல் ஒன்று! மளிகைக் கடைக்காரர் சொல்கிறார், துணிக்கடைக்காரர் சொல்கிறார். மந்தம் முற்றிவிட்டாலோ, பெருநகரத்தில் குளிரூட்டிய மாளிகை கட்டி, ‘மால்’ என்று பெயர் சூட்டிக் கடை பரப்பியிருக்கும் முதலாளியும் அதையேதான் சொல்கிறார்.

ஏன் மந்தம்? சரக்கு இல்லையா? அடுக்கடுக்காக இருக்கிறது. பார்க்க ஆள் இல்லையா? ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். குடும்பத்தோடு வருகிறார்கள். நகரும் படியில் ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள், குழந்தைக்கு ஓர் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துவிட்டு வீடு திரும்புகிறார்கள். ஆசை இருக்கிறது; பையில் காசு இல்லை. அவ்வளவுதான் விஷயம்!

காசு எங்கே போயிற்று? நம் வட்டாரத்துக் கதையையே எடுத்துக் கொள்வோம்.

1970களில் ஓசூருக்குச் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. ராகிக் கொல்லையையும் ஆட்டு மந்தையையும் நம்பியிருந்த வீடுகளின் பிள்ளைகள் ஆலைக்குப் போனார்கள். லாரி செய்தார்கள், மோட்டார் சைக்கிள் செய்தார்கள், கைக்கடிகாரம் செய்தார்கள். அவர்கள் சம்பளம் வாங்கினால் தளியில் அரிசி விற்கும். கெலமங்கலத்தில் துணி விற்கும். தேன்கனிக்கோட்டையில் பாத்திரம் விற்கும். ஆலைச் சங்கு ஓய்ந்தால் கடைவீதித் தராசும் ஓயும்.

2016 நவம்பர் 8 இரவு, 500 ரூபாய், 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார்கள். சில்லறை வியாபாரி திகைத்து நின்றார். 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்தது. சிறு பட்டறைக்காரர் கணக்குப் பிள்ளையைத் தேடி ஓடினார். அதற்குப் பின் வந்தது 2019.

அந்த ஆகஸ்டில் பயணி வாகன விற்பனை, முந்திய ஆண்டின் அதே மாதத்தைவிட 31 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. லாரி, பஸ் வகையோ 38 சதவீதத்துக்கு மேல்! செப்டம்பரில் அசோக் லேலண்ட் கம்பெனி, ஓசூர் ஆலைகளில் 5 நாளும் எண்ணூரில் 16 நாளும் வேலையில்லா நாட்கள் என்று அறிவித்தது. நிரந்தரத் தொழிலாளிக்கு அறிவிப்பாவது வந்தது. உதிரிபாகப் பட்டறையில் உழலும் காண்டிராக்ட் தொழிலாளிக்கு? “நாளைக்கு வராதே” என்ற ஒரு வார்த்தைதான்!

மத்திய நிதி மந்திரி செப்டம்பர் 10 அன்று சென்னையில் பேசினார். இளைஞர்கள் சொந்தக் கார் வாங்காமல் ஓலா, ஊபரை நாடுவதும் ஒரு காரணம் என்றார். அப்படியானால் லாரி விற்பனை சரிந்தது ஏன்? நெல் மூட்டையும் சிமெண்டு மூட்டையும்கூட ஓலாவில் ஏறிக்கொண்டனவா?

பத்தே நாளில் மருந்து வந்தது. மற்றச் சலுகைகளைக் கோராத கம்பெனிகளுக்கு அடிப்படை வரி 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாக வெட்டப்பட்டது. ஆண்டுக்கு 1,45,000 கோடி ரூபாய் வருவாய் இழப்பு என்று சர்க்காரே கணக்குச் சொன்னது. நோய் யாருக்கு? மருந்து யாருக்கு? வாங்குகிறவன் வயிறு காய்ந்து கிடக்க, விற்கிறவன் வாயில் தேன் ஊற்றினால் சரக்கு விற்றுவிடுமா?

அடுத்த ஆண்டு கொரோனா. மார்ச்சில் பூட்டிய தமிழ்நாட்டு மால்கள் 2020 செப்டம்பர் 1 அன்றுதான் திறந்தன. அத்திப்பள்ளி எல்லையைத் தாண்ட இ-பாஸ் கேட்ட நாட்களில், பெங்களூர்ப் பிழைப்பை நம்பியவர்கள் வீட்டிலேயே முடங்கினார்கள். அந்த ஏப்ரல்–ஜூனில் நாட்டின் மொத்த உற்பத்தி 23.9 சதவீதம் வீழ்ந்ததாகச் சர்க்காரின் முதல் மதிப்பீடு சொன்னது.

பெரிய கடையாவது தப்பியதா? மளிகைக் கடையை விழுங்க வந்தது என்று பேசப்பட்ட பிக் பஜாரைப் பாருங்கள். கடன் கழுத்தை நெரித்தது. 2022 பிப்ரவரியில் அதன் கடைகளை ரிலையன்ஸ் கைப்பற்றத் தொடங்கியது. ஜூலையில் அதை நடத்திய பியூச்சர் ரீடெய்ல் கம்பெனி திவால் விசாரணைக்குப் போயிற்று. சின்ன மீனைப் பெரிய மீன் விழுங்க வந்தது. பெரிய மீனைத் திமிங்கிலம் விழுங்கியது! இதுதான் ஏகபோகத்தின் நியாயம்.

அந்தக் கண்ணாடி மாளிகைகளுக்குள் நிற்கும் பெண்களையும் மறக்க வேண்டாம். நாள் முழுதும் நின்றே சரக்கு விற்றவர்களுக்கு உட்கார ஒரு நாற்காலி தர, 2021இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் தேவைப்பட்டது. நாற்காலிக்கே சட்டம் என்றால், கூலிக்கு எத்தனை போராட்டம் வேண்டும்!

தோழர்களே! கடன் நோட்டில் உங்கள் பெயரை எழுதி, அடுத்த சம்பளம் வரை அரிசி தருகிற கடைக்காரர் நமக்குப் பகைவர் அல்லர். உங்கள் போனஸ் வெட்டப்பட்டால் அவருடைய தீபாவளியும் இருண்டுபோகும். ஆகவே சங்கக் கூட்டத்துக்கு அவரையும் அழையுங்கள். சம வேலைக்குச் சம ஊதியம், காண்டிராக்ட் தொழிலாளிக்கு நிரந்தரம், சிறு வியாபாரிக்குக் குறைந்த வட்டியில் வங்கிக் கடன்: இவை மூன்றையும் ஒரே கொடியின் கீழ் கேட்போம்.

கல்லாப்பெட்டியின் சாவி டில்லி மந்திரியின் மேஜையில் இல்லை. உழைப்பவன் சம்பளத்தில் இருக்கிறது. அதை உயர்த்துங்கள், கடைவீதி தானே திறக்கும்!